பொய்ப் பச்சையை அழித்தவள்

ஜீவராணி என்ன வேலை பார்க்கிறாள் என்று பணிய லயத்தில் யார் கேட்டாலும் அவள் அம்மா வெள்ளையம்மா ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"லைன் அறுந்து போச்சுன்னா போன் என்னா செய்யணும்? அதுக்குப் புத்தி சொல்லிக் குடுக்குறா எம் மவ."

கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த வேலையை இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாகச் சொல்ல அதே வேலை பார்க்கும் பலருக்கே வராது.

கல்லுமலைத் தோட்டம் தெரணியகலைக்கு மேலே இருக்கிறது. அதன் மேல் பிரிவான மேற்கணக்கு முழுவதும் தேயிலை. கீழ்ப் பிரிவான பணிய கணக்கில் பாதி தேயிலை, பாதி ரப்பர். அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான பணிய லயம் ஒரு செங்குத்தான சரிவின் காலடியில், மலைக்கு முதுகைக் கொடுத்து நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அதை அங்கே கட்டியதற்குக் காரணம், அந்த இடத்தில் தேயிலை வராது என்பதுதான். செடிக்கு உதவாத நிலம் மனிதருக்குப் போதும் என்று ஒருவன் தீர்மானித்தான். அவனுக்குப் பின் வந்த கொம்பனிகளும் அரசாங்கங்களும் அந்தத் தீர்மானத்தை மாற்றுவதில் எந்த அவசரமும் காட்டவில்லை. மழைக்காலம் வந்தால் அங்கே இருப்பவர்கள் மலைக்குக் காது கொடுத்தபடி தூங்குகிறார்கள்.

இந்த லயத்தில் பிறந்தவள் ஜீவராணி. தமிழில் கணிதப் பிரிவு உள்ள பாடசாலையைத் தேடி மாவட்டம் தாண்டிப் போனாள். சித்தி வீட்டில் ஒரு மூலையில் பாய் போட்டுக்கொண்டு படித்தாள். பல்கலைக்கழகம், அவர்கள் பேச்சில் கம்பஸ், முடித்து, அவிசாவளையில் ஒரு சின்ன மென்பொருள் கொம்பனியில் சேர்ந்தாள். அந்தக் கொம்பனிக்கு ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து வேலை வந்தது. மண்சரிவு எச்சரிக்கைச் செயலி. மலைகளில் மழைமானிகள் வைப்பார்கள். அவை அனுப்பும் அளவுகளைப் பார்த்து ஒரு பெரிய கணினி, அதை அவர்கள் சேர்வர் என்பார்கள், ஆபத்தைத் தீர்மானிக்கும். ஒவ்வொருவர் போனிலும் இருக்கும் செயலி அந்தச் சேர்வரைக் கேட்டு ஒரு நிறத்தைக் காட்டும். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும்.

போனில் ஓடும் பகுதியை எழுதியவள் ஜீவராணி. தன் லயத்துக்கு அவளே கொண்டுவந்து, காம்பரா எனும் ஒற்றை அறை வீடுகள் ஒவ்வொன்றாகப் போய், ஏற்ற முடிந்த எல்லாப் போனிலும் ஏற்றிக் கொடுத்தாள்.

வைகாசி மழையில் மேற்கணக்கில் மண் இறங்கியது. ஒரு மாட்டுக் கொட்டிலும் ஒரு லயத்தின் பின்சுவரும் போயின. ஆட்கள் வேலைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். கட்டியிருந்த பசு செத்தது. சேர்வர் அன்று காலையிலேயே சிவப்பு என்று சொல்லிவிட்டிருந்தது. ஆனால் தோட்டத்தில் ஒரு போன்கூடச் சிவப்பாகவில்லை. மண் இறங்கி முடிந்த பிறகும் எல்லாம் பச்சையாகவே இருந்தன.

ஜீவராணி வீட்டுக்கு வந்தபோது வெள்ளையம்மா குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"பச்சையா இருந்துச்சு புள்ள. பச்சையா இருக்கங்காட்டித்தானே மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனேன்."

அந்த லயத்தில் ஜன்னல் கம்பியை ஒட்டித்தான் சிக்னல் வரும். எல்லோரும் போனைப் பொலித்தீன் பையில் போட்டு அந்தக் கம்பியில் மாட்டியிருப்பார்கள். ஜீவராணி பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். டேட்டா ஓஃப். அம்மாவுடையது மட்டுமல்ல, லயம் முழுவதும் அப்படித்தான். டுபாயில் இருக்கும் மகன் படம் அனுப்பினால் திறப்பார்கள். பார்த்து முடிந்ததும் மூடுவார்கள். விளக்கில் திரியை இறக்குவது போன்ற பழக்கம் அது. டேட்டா மூடியிருந்தால் செயலியால் சேர்வரைக் கேட்க முடியாது. பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று செயலிக்கு ஒரு கட்டளை இருந்தது: கடைசியாக வந்த நிறத்தைக் காட்டு.

"இது நான் எழுதுனதும்மா," என்றாள் ஜீவராணி.

"எதடி?"

"இந்தப் பச்ச. இது முந்தா நாள் வந்த பச்ச. இன்னைக்கு என்னான்னு அதுக்குத் தெரியாது. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்ல வச்சிருக்கணும்."

"போன் கூடப் பொய் சொல்லுமா?"

"நாம சொல்லச் சொன்னா சொல்லும்."

இணைப்பு ஒருபோதும் அறாத அலுவலகத்தில் இருந்து எழுதும்போது அந்தக் கட்டளை நியாயமாகத்தான் தெரிந்தது. ஏதோ நொடிப்பொழுது தடங்கல், அதற்குள் ஆளைப் பதற வைக்க வேண்டாம் என்ற மரியாதை. அந்த நொடிப்பொழுது தன் லயத்தில் இரண்டு நாள் நீளும் என்பது, அங்கே பிறந்த ஜீவராணிக்கே நாற்காலியில் இருக்கும்போது மறந்துபோயிருந்தது. அவள் அதை மறைக்கவில்லை. இதைப் பாராட்டத்தான் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு இல்லாமல்தான் இந்த நாட்டில் சாத்திரம் பார்ப்பவனும் பிழைக்கிறான், அமைச்சரும் பிழைக்கிறார். நேற்றைய பச்சையை இன்றைக்கும் காட்டுவது அவர்களுக்குத் தொழில்.

ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. மேற்கணக்கில் இறங்கிய அதே சரிவு பணிய லயத்தின் தலைக்கு மேலும் இருக்கிறது. அதற்குள் செயலி பொய் சொல்வதை நிறுத்த வேண்டும். இணைப்பு அறுந்தாலும் எச்சரிக்கை போய்ச் சேர வேறொரு வழி வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை சாவது பசுவாக இருக்காது.

அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்தவர் அப்ஹம். தெஹியோவிட்டக்காரர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல அவள் அவரை நானா என்று கூப்பிடுவாள்.

"பச்சைய எடுத்திட்டு என்னத்தக் காட்டப் போறீங்க?" என்று அவர் கேட்டார்.

"சாம்பல் நிறம். 'நிலைமை தெரியாது, மலையைப் பாருங்க'ன்னு தமிழ்லயும் சிங்களத்துலயும்."

"ஆக்கள் பயந்து போன்ல ஈக்கிற எப்பை அழிச்சிருவாங்க தங்கச்சி. அழிச்சாப் பொறகு சிவப்பும் போகாது, ஒண்டும் போகாது."

"பொய்யச் சொல்லி வச்சிருக்கறத விட அழிக்கட்டும், நானா."

அப்ஹம் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அந்த விவாதம் வாரக்கணக்கில் இழுத்தது. முடிவெடுக்கும் கூட்டத்தில் தொண்டு நிறுவனத்தின் அதிகாரி கொழும்பிலிருந்து திரையில் வந்தார். மொத்தப் பயனாளிகளில் தோட்டத்து ஆட்கள் மிகக் குறைவு என்றார். டேட்டாவை மூடி வைப்பவர்களைச் சரியாகப் பாவிக்காதவர்கள் என்று கணக்கிலிருந்து தள்ளிவிடலாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். தோட்டத்து மக்களைக் கணக்கிலிருந்து தள்ளியவர்கள் எல்லோரும் மரியாதையாகத்தான் தள்ளியிருக்கிறார்கள். நாற்பத்தெட்டில் இவர்களுடைய குடியுரிமையைப் பறித்த சட்டத்திலும் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை.

ஜீவராணி ஆங்கிலத்தில், நிதானமாகப் பதில் சொன்னாள். அவர்கள் தவறாகப் பாவிக்கவில்லை, அவர்களால் முடிந்த மாதிரிப் பாவிக்கிறார்கள் என்றாள். மழைமானியை எந்த மலையில் வைத்திருக்கிறோமோ அந்த மலைக்குக் கீழே இருப்பவர்களைத் தள்ளிவிட்டால், மீதி யாருக்காக இந்தச் செயலி என்று கேட்டாள்.

அடுத்துப் பேசியவர் அப்ஹம்.

"எங்கட வாப்பாக்கு தெஹியோவிட்டயில கடை," என்று தமிழிலேயே தொடங்கி, பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். "போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் காட்டில் இருப்பதிலேயே சின்னதைத்தான் தோட்டத்து ஆட்கள் எங்களிடம் வாங்குவார்கள். அதை ஒரு மாதம் வைத்திருப்பார்கள். நான் சின்ன வயதிலிருந்து பார்த்தது. ஜீவராணி சொல்வது சரி. அறுந்த இணைப்புத்தான் அங்கே வழமை. அதற்கு ஏற்றபடி எழுத வேண்டும்."

சாம்பல் நிறத்துக்கு அனுமதி கிடைத்தது. வேறு வழிக்கு அனுமதி கேட்க முடியவில்லை, ஏனென்றால் வேறு வழி என்னவென்று அவளுக்கே அப்போது தெரியாது.

அந்த வழி பௌர்ணமிப் போயா லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது கிடைத்தது. மத்தியானம், வெள்ளையம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் தொங்கிய போன் ஒரு முறை அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. வெள்ளையம்மா எழுந்து, போனைத் திரும்பியும் பார்க்காமல், குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"யாரும்மா?"

"தலைவரு. தண்ணி பவுசர் வந்திருச்சு, புடிக்க வரச் சொல்றாரு."

"பேசவே இல்லையே."

"பேசுனா காசு போவுமே. நீ மட்டும் கம்பஸ்ல இருந்து பேசிக் கிழிச்சியாக்கும். போய் எறங்குனதும் ஒரு மணி குடுத்துட்டு வச்சுருவே."

தலைவர் என்றது இந்திரகுமாரை, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். போன் இரண்டு முறை அடித்து நின்றால், அதாவது இரண்டு மணி என்றால், வெளியே வா. ஒரு மணி என்றால் வந்து சேர்ந்தேன், நல்லபடி இருக்கிறேன். கல்லுமலையில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஜீவராணியே பல வருஷம் இப்படித்தான் தன் சுகத்தை வீட்டுக்கு அறிவித்திருக்கிறாள். டேட்டா வேண்டாம், கைவசம் காசு வேண்டாம், பட்டன் போன் போதும். சேர்வருக்கும் போனுக்கும் நடுவில் ஒரு வழி பல வருஷமாக அவள் வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் வெறும் தரையில் அமர்ந்து, மடிக்கணினியைத் திறந்தாள். வெள்ளையம்மா தண்ணீரோடு திரும்பி வந்து, சோறு ஆக்கி, கூப்பிட்டு, கூப்பிட்டு அலுத்துவிட்டாள்.

அவள் கட்டிய ஏற்பாட்டை எளிதாகச் சொல்லலாம். பதில் வராவிட்டால் செயலி சோர்ந்து உட்காராது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்கும். அப்போதும் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக் கேட்கும். அப்படிப் பொறுத்துக் கேட்டும் பதில் இல்லையென்றால் பழைய நிறத்தை அழித்துச் சாம்பலைக் காட்டும். மறுபக்கத்தில் சேர்வர், எந்தெந்தப் போன் தன்னிடம் பேசவில்லை என்று கவனித்தபடி இருக்கும். நிலைமை சிவப்பானால், பேசாத போன்களுக்கும், எண்ணைப் பதிந்து வைத்த பட்டன் போன்களுக்கும் தானே கோல் எடுத்து, ஒரு முறை அடித்து வைத்து, மறுபடி அடித்து வைக்கும். இரண்டு மணி, வெளியே வா.

முதல் பரீட்சையிலேயே சேர்வர் விழுந்தது. அறுந்த இணைப்பு திரும்ப வந்ததும் எல்லாப் போன்களும் ஒரே கணத்தில் கேட்டன. லயத்துப் பீலியில், அந்தப் பொதுக் குழாயில், தண்ணீர் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் குடத்தை நீட்டினால் என்ன நடக்கும்? சண்டை நடக்கும், ஒரு குடமும் நிறையாது. ஜீவராணி ஒவ்வொரு போனும் பொறுக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாகச் சிதறவிட்டாள். ஒன்றுக்கு ஒன்று இடம் விட்டுக் கேட்டன. சேர்வர் நிமிர்ந்து நின்றது.

"அப்ப சரி," என்றார் அப்ஹம். "இப்ப ஆக்கள் அழிக்காம ஈந்தாச் சரி."

அழிக்கவில்லை, ஆனால் சும்மாவும் விடவில்லை. ஆவணி முழுவதும் லயத்தில் அதுதான் கேலி. டேட்டா மூடியிருக்கிற நேரமெல்லாம் போன் சாம்பலாகி, தெரியாது என்றது. பெரட்டுக் களத்தில், ஆட்கள் காலையில் பேர் கொடுக்க நிற்கும் இடத்தில், இந்திரகுமார் வெள்ளையம்மாவைப் பார்த்து வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னார்.

"என்னா வெள்ளையம்மா, ஒம் மவ செஞ்ச எப்புக்கு ஒண்ணுமே தெரியாதாம். இதுக்கா கம்பஸ் வரைக்கும் போனா? தெரியாதுன்னு சொல்றதுக்கு நம்ம கணக்கப்பிள்ளையே போதுமே."

பெரட்டுக் களம் சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்துவிட்டு, பிறகுதான் தன்னைச் சொன்னது விளங்கி முகத்தை மாற்றிக்கொண்டார்.

"தெரியாததத் தெரியாதுன்னுதான் சொல்லுது தலைவரே," என்றாள் வெள்ளையம்மா. "நீங்க சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போயிட்டு வந்து 'எல்லாம் முடிஞ்ச மாதிரித்தான்'னு சொல்றீங்களே, அப்புடி இல்ல."

இம்முறை களம் இன்னும் பலமாகச் சிரித்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடாமல் பெய்துகொண்டிருந்தது. லயத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். முற்பகலிலேயே கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் டவர் தன் பற்றரியில் ஓடும். பற்றரியை மிச்சம் பிடிக்க டேட்டாவை முதலில் நிறுத்திக்கொள்ளும், கோல் மட்டும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். மழைக்கென்று டேட்டாவைத் திறந்து வைத்திருந்த சிலரின் போன்களும் சாம்பலாயின. நிலைமை தெரியாது, மலையைப் பாருங்க.

பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, மழை மறைத்தது. லயத்துக்குப் பின்னால் ஓடும் வடிகாலான கானில் தண்ணீர் கலங்கலாக வந்தது. அது மழைக்கு எப்போதும் வருகிற கலங்கல்தான் என்றார்கள் சிலர். இந்திரகுமார் குடையோடு கான் ஓரம் நின்று, போவோமா இருப்போமா என்று நாலு பேரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கோடிக் காம்பராவில் ஒரு போன் அடித்து நின்றது. அடுத்த காம்பராவில் ஒன்று. அதற்கடுத்ததில் ஒன்று. ஜன்னல் ஜன்னலாக, பொலித்தீன் பைகளுக்குள்ளிருந்து, லயம் முழுக்க ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மணி நடந்து போயிற்று. பிறகு திரும்பவும் முதலிலிருந்து இரண்டாம் முறை.

இந்திரகுமார் ஜன்னல்களைப் பார்த்தார். பிறகு குடையை மடக்கினார்.

"ரெண்டு மணி," என்றார். "கௌம்புங்க. மேட்டுல இருக்க இஸ்கோலுக்கு. சாமான் ஒண்ணும் வேணாம், புள்ளைகளத் தூக்குங்க."

அதே நேரத்தில் அவிசாவளையில், ஞாயிறு என்றும் பாராமல் வந்திருந்த ஜீவராணி திரைக்கு முன்னால் இருந்தாள். பக்கத்தில் அப்ஹம். பணிய லயத்தின் பெயருக்கு எதிரே சேர்வர் ஒரே ஒரு செய்தியைக் காட்டியது: மணி அடித்தது. யார் கேட்டார்கள், யார் நடந்தார்கள் என்று அதற்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் லயத்துப் போன்கள் எல்லாம் அவள் திரையிலும் சாம்பலாயின. டவரின் பற்றரி தீர்ந்து, கோலும் போகாமல் ஆகிவிட்டது. எந்த நிறத்துக்காக மாதக்கணக்கில் வாதாடினாளோ, அதே நிறத்தைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார வேண்டியிருந்தது.

"பழைய மாதிரி ஈந்திருந்தா இப்ப பச்சை காட்டும்," என்றார் அப்ஹம் மெல்ல.

"காட்டும். நானும் நம்பிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்."

ஜீவராணி எழுந்திருக்கவில்லை. வெளியே இருட்டத் தொடங்கியது. அப்ஹம் கொண்டுவந்து வைத்த டீ ஆறிப் போயிற்று. மேசையில் கிடந்த அவளுடைய சொந்தப் போன் அடித்தது. திரையில் அம்மா. எடுக்கப் போன கையை அவள் நிறுத்திக்கொண்டாள். ஒரு முறை அடித்தது. நின்றது. அவள் காத்திருந்தாள். மறுபடி அடிக்கவில்லை.

"எடுக்கல்லியே, என்னத்துக்கு?" என்றார் அப்ஹம்.

"எடுக்கத் தேவையில்ல நானா," என்றாள். "போய்ச் சேர்ந்துட்டாங்க." அதற்குப் பிறகுதான் அழுதாள்.

பாடசாலையிலிருந்து இன்னும் மேலே ஏறி, மற்றப் பக்கத்து டவர் தெரியும் மேட்டில் நின்று, மழையில் நனைந்து கொடுத்த மணி அது. அவள் அழுதுகொண்டிருந்த நேரத்தில் சரிவு இறங்கிவிட்டிருந்தது. கோடிப் பக்கத்துக் காம்பராக்களை மண் மூடியது. ஜன்னல் கம்பிகளை, அடுப்புகளை, ஒரு கல்யாணத்துக்கு வாங்கி வைத்த கட்டிலை மூடியது. ஆள் ஒருவரையும் மூடவில்லை, ஏனென்றால் அங்கே ஆள் இல்லை.

அடுத்த வாரம் பாடசாலை மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஜீவராணியும் வந்திருந்தாள். இந்திரகுமார் மைக்கைப் பிடித்தார். முனியாண்டி சாமி நம்மளக் கைவிடல்ல என்றார். லொறி அனுப்பின தோட்டத்துத் தொரைக்கு நன்றி என்றார். அமைச்சரின் இணைப்பாளருக்கு, பாய் கொடுத்த கடைக்காரர்களுக்கு, வராத பிரதேச சபைக்காரருக்குக்கூட நன்றி சொன்னார். சொல்லி முடிக்கப் போன நேரம், தரையில் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மா கையைத் தூக்கினாள்.

"தலைவரே, ஒரு கேள்வி. மிஸ்கோல் குடுத்தது முனியாண்டியா?"

பின்வரிசையிலிருந்து யாரோ, "அவருக்கு ஏது சிம்மு?" என்றார். சிரிப்பு எழுந்து, அடங்க நேரம் எடுத்தது. இந்திரகுமாரும் சிரித்தார்.

"ஒம் மவதான் குடுத்தா, தாயி," என்றார் மைக்கிலேயே. "கம்பஸ் போனது தெரியாதுன்னு சொல்றதுக்கான்னு நாந்தான் கேட்டேன். அந்தத் தெரியாதப் பாத்துட்டுத்தான் நான் கானுக்கிட்டப் போயி நின்னேன். ஒத்துக்கிறேன். எங்க அவ, வரச் சொல்லுங்க."

மலைக்குக் கீழே லயம் கட்டியவர்களைக் கேள்வி கேட்க எந்தச் செயலியாலும் ஆகாது. அதை மனிதர்கள்தான் செய்ய வேண்டும். அதே கூட்டத்தில், இனி அந்த இடத்துக்குத் திரும்பமாட்டோம், தேயிலை வளர்கிற நல்ல நிலத்தில் வீடு வேண்டும் என்று எல்லோரும் கையொப்பம் வைத்தார்கள். அது வேறு சண்டை, அது நடக்கிறது. ஆனால் அந்தச் சண்டையைப் போட எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய பழக்கத்தைக் குறை என்று தள்ளாமல், அதையே வழியாக்கிய ஒருத்தி அந்த லயத்திலேயே பிறந்திருந்தாள்.

மேடைக்கு வரச் சொன்னபோது ஜீவராணியைக் காணவில்லை. தேடிப் பார்த்தார்கள். மண்டபத்தின் பின் மூலையில், நனைந்து உலர்ந்த ஒரு பட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, சின்னம்மா என்று பேர் கொண்ட பக்கத்துக் காம்பராக் கிழவிக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பெரியம்மா. ஒங்களுக்கு அன்னைக்கு ரெண்டு மணியும் கேட்டுச்சா, இல்ல ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்டி அடிச்சுச்சு. ஒங்கம்மா வந்து இழுத்துக்கிட்டுப் போனா."

"ஒண்ணுன்னா 'நல்லபடி இருக்கேன்'னு ஆயிருமே, தப்பாச்சே," என்றாள் ஜீவராணி, பாதி தனக்குள்ளேயே. அங்கிருந்து தலைவரைப் பார்த்துக் கையால் சைகை காட்டினாள், கொஞ்சம் பொறுங்கள் என்று. பிறகு அந்தப் போனைத் திருப்பி, பின்மூடியைக் கழற்றத் தொடங்கினாள்.